ஒரு வாரத்துக்குக் கைமாறும் போன்

குழந்தைகள் பாதுகாப்புக்கான எங்கள் தாம்பரம் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு குழந்தையை வீட்டிலிருந்து பிரித்துக் கூட்டிவர நேர்ந்தால், கூட்டிவந்தவளின் ஆபீஸ் போனை அடுத்த ஒரு வாரம் வேறொருத்தி வைத்துக்கொள்வாள். மேலிடத்து உத்தரவெல்லாம் இல்லை. மேலிடம் எங்கள் மன அழுத்தத்துக்கு ஒரு பயிற்சி நடத்தி, ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்தது. கோபம் வந்தால் அமுக்க வேண்டுமாம்! என் பந்தை ஆபீஸுக்கு வரும் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

போன் பழக்கம் நாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டது. பெற்றவர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். திட்டாமல் என்ன செய்வார்கள்? ஆனால் பிரித்தவளே அதையும் கேட்டுக்கொண்டிருந்தால் அதிக நாள் தாங்க மாட்டாள். அப்படி நல்ல நல்ல ஆட்களை இழந்திருக்கிறோம்.

போன மழைக்காலத்தில் படப்பைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிவந்தேன். அவள் அம்மாவோடு சேர்ந்து வாழ்ந்தவன் அந்தப் பிள்ளையின் தொடையில் சூடு வைத்திருந்தான். அம்மாவுக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. குழந்தைகள் நலக் குழு சொன்னபடி அவளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தோம். வண்டி கிளம்பும்வரை அந்த அம்மா என்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். தலைக்குக் குளித்தும் அந்த மண் போகாத மாதிரியே இருந்தது.

என்னோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த தோழி, வழக்கம்போல என் ஆபீஸ் போனை வாங்கிக்கொண்டாள். அவளிடம்கூட நான் சொல்லாத ஒன்று இருந்தது. நாவலூரில் ஒரு கம்பெனியில் எனக்கு எச்.ஆர். வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் "போதும், வந்துடு" என்றார். எனக்கும் போதும் என்றுதான் இருந்தது. அந்த அம்மாமேல் எனக்கு இரக்கமே வரவில்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், தோழியின் மேசையிலிருந்த என் ஆபீஸ் போன் அடித்தது. ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

"எம் பொண்ண இட்டுகினு போய்ட்டு நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

"சொல்லுங்கம்மா" என்றாள் தோழி, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே.

அந்த அம்மா என் வம்சத்தில் ஒருத்தரையும் விடவில்லை. எனக்கு வந்த திட்டையெல்லாம் தோழி "ம்... ம்" என்று வாங்கிக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் இறங்கியது.

"துன்னுச்சா அது?"

"சாப்பிடறாம்மா. நல்லாயிருக்கா."

"அதுக்குக் கத்திரிக்கா ஒத்துக்காது. மூஞ்சியெல்லாம் வீங்கிடும். அங்க கீறவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

என் சொந்த போனில் இல்லத்துக்குக் கூப்பிட்டேன். சமையல்கார அக்கா எடுத்தார்.

"இன்னிக்குக் கத்திரிக்கா சாம்பாருதான் மேடம். இப்பத்தான் தட்டு வெச்சினுகீறோம்."

"புதுசா வந்த பாப்பாவுக்கு வேணாங்க்கா! ஒத்துக்காது. தயிர் சாதம் குடுங்க."

"ஏய் பாப்பா, அத தொடாத!" என்று அவர் கத்தியது காதில் விழுந்தது. வைத்துவிட்டுத் தோழியிடம் போனேன். அந்த அம்மா இன்னும் லைனில்தான் இருந்தாள்.

"போனைக் குடுடி."

"இன்னும் ஒரு வாரம் முடியல. போய் உட்காரு."

"குடு."

கொடுத்தாள்.

"தயிர் சாதம் குடுக்கச் சொல்லிட்டேம்மா" என்றேன்.

"நீதான் இட்டுகினு போனவளா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. அப்புறம் மறுபடி முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

என் மேசைமேல் சொந்த போன் அடித்தது. தோழி எட்டிப் பார்த்து, "யாரோ நாவலூர் எச்.ஆராம்" என்று புருவத்தை உயர்த்தினாள். நான் வேண்டாமென்று தலையசைத்தேன். அவள் அந்த போனை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.