பெட்டிக்குள் அடங்கிய கார்டு

ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வீட்டில் ஒரே பொழுதுபோக்கு, கம்ப்யூட்டரில் கார் பந்தயம். பழைய கிராபிக்ஸ் கார்டு திணறியதால் புதிது வாங்க மனைவியோடு கடைக்குப் போனார். மூன்று விசிறி வைத்த பெரிய கார்டைப் பார்த்ததும் மனுஷன் சொக்கிப்போனார்.

“அது நம்ம கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள நுழையாதுங்க. அளந்து பார்த்துட்டுதான் வந்தேன்” என்றாள் மனைவி.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, அவள் காட்டிய இரண்டு விசிறிக் கார்டை வாங்கினார். வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொருத்தினார். விரல் நுழையக்கூட இடம் மிச்சமில்லை. ஆனால் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஆட்டத்தைத் திறந்ததும் பந்தயப் பாதை திக்காமல் ஓடியது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நல்லவேளை, நீ கூட வந்தே. பெரிசை வாங்கியிருந்தா பெட்டியையே அறுத்திருப்பேன்.”

“தெரியும். நகருங்க, முதல் ஆட்டம் எனக்கு.”

சிரித்துக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்தார்.