வாசல் தெளிக்காத காலை

எங்கள் மாமாவின் பஸ்ஸுக்கு ஊரார் வைத்த பெயர் வெந்நீர் அண்டா. வெள்ளைக்காரன் காலம். உலகச் சண்டை ஆரம்பித்த புதிது. பூந்தமல்லியிலிருந்து பட்டணத்துக்கு ஓடிய பஸ்களில் அதற்கு மட்டும்தான் பட்டப்பெயர் இருந்தது. மாமாவுக்குப் பெயர் வாங்கும் ஆசை நிறைய உண்டு என்றாலும் இந்தப் பெயரை அவர் எதிர்பார்க்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். எங்களோடுதான் இருந்தார். வயல் வேலை அவருக்குச் சரிப்படாது, வண்டி ஓட்டத்தான் பிறந்திருக்கிறார் என்று அம்மா விடாமல் சொல்லிச் சொல்லி, அப்பா ஒரு பழைய பஸ்ஸை வாங்கித் தந்திருந்தார். பார்க்க லட்சணமான வண்டி. நெற்றியில் பட்டையாக விபூதி, கண்ணாடிக்கு மேலே பூச்சரம். ஒரே குறை, எஞ்சினைக் குளிர்விப்பதற்காக மூக்கில் இருக்கும் ரேடியேட்டரில் தண்ணீர் நிற்காது. பூந்தமல்லியில் வழிய வழிய ஊற்றினால் வானகரம் வருவதற்குள் வற்றி, எஞ்சின் கொதித்து, ஆவி கிளம்பிவிடும். ஜனங்கள் கீழே இறங்கி நின்று மாமாவைப் பார்ப்பார்கள். மாமா ஆகாயத்தைப் பார்ப்பார். அங்கே சாலையோரக் கிணற்றடியில் ஒரு கிழவர் எங்கள் பஸ்ஸுக்காகவே குடத்தை நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. பட்டணத்தில் ரேடியேட்டரைக் கழற்றி, ஓட்டை இருக்கிறதோ இல்லையோ, ஈயத்தைக் காய்ச்சி அடைத்துத் தந்தார்கள். மாமா மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினார். கோழி முட்டையை உடைத்து ஊற்றினால் உள்ளேயே வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்று யோசனை சொன்னவரை அம்மா வாசற்படி ஏறவிடவில்லை. பூசணிக்காய் உடைத்தோம். அந்தப் பூசணிக்காய்மேல் வண்டி ஏறி வழுக்கியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு கல்யாண கோஷ்டி எங்கள் பஸ்ஸால் முகூர்த்தத்தைக் கோட்டைவிடப் பார்த்தது. மாப்பிள்ளையே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடம் தூக்கினார் என்று கேள்விப்பட்டதும் அப்பாவின் பொறுமை போய்விட்டது. பூந்தமல்லியில் இன்னொரு பஸ் முதலாளி எங்கள் வண்டிமேல் ஒரு கண் வைத்திருந்தார். தாத்தாவின் திதி முடிந்த மறுநாள் சாயங்காலம் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்படி அப்பா அவருக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

அன்று கிணற்றடியில் அம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். மாமா துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி போச்சுன்னா நா இங்க இன்னாக்கா பண்ணப்போறேன்? எதிர்ஊட்டுப் பையன் பட்டாளத்துக்குப் பேர் குட்த்துட்டான். நானும் அவங்கூடவே போயிடறேன். டிரைவர்னா ஒடனே எட்த்துக்கறாங்களாம்."

அம்மாவின் கையில் இருந்த கயிறு அப்படியே நின்றது. அன்று குழம்பில் உப்பு இல்லை.

எனக்கோ தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு அண்ணன் பட்டாளத்தைப் பற்றி எனக்கு ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தார். காக்கி உடுப்பு, தொப்பி, தகர டப்பாவில் பிஸ்கோத்து. மாமாவும் போனால் டப்பா இரண்டாகும். வெந்நீர் அண்டாவை ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல் என்று எனக்குப் பட்டது. வண்டி சீக்கிரம் போகட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

திதி வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி அன்று காக்கை வந்து சோறு எடுக்கும்வரை வாசல் தெளிக்கக் கூடாது, கோலமும் கூடாது. மற்ற நாட்களில் இருட்டுப் பிரியும் முன்பே அம்மா சாணித் தண்ணீரை வாளியில் கரைத்து வாசல் முழுக்கச் சளசளவென்று தெளித்துவிடுவாள். ராத்திரி வாசலில் நிற்கும் பஸ்ஸின் மூக்குக்கு அடியிலும் கையை நீட்டித் தெளித்துவிட்டுத்தான் கோலத்தில் உட்காருவாள். மாமா எழுந்திருப்பது வெயில் முதுகைச் சுட்ட பிறகு.

அன்று காலை நான் பல் விளக்கிக்கொண்டே வாசலுக்குப் போனேன். புழுதி காய்ந்து கிடந்தது. பஸ்ஸுக்குக் கீழே மட்டும் தரை ஈரமாக இருந்தது. யாரோ திதியன்று வாசல் தெளித்துவிட்டார்கள்! இதைவிடப் பெரிய குற்றத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கிடைக்குமா? உள்ளே ஓடினேன்.

"யம்மா! யாரோ வாசல் தெளிச்சிட்டாங்க!"

அம்மா கரண்டியும் கையுமாகச் சண்டைக்குத் தயாராக வந்தாள். வந்தவள் பஸ்ஸின் முன்னால் நின்றாள். குனிந்தாள். ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாசல் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி, தெனம் காலைல நானே ஈரத்த ஊத்தி இத்த மறைச்சிருக்கனே! டேய் தம்பி, எய்ந்து வாடா!"

மாமா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். ஈரத்தைக் கண்டதும் அவர் தூக்கம் போய்விட்டது. தண்ணீர் ஆவியாகித்தான் போகிறது என்று அவர் அதுவரை சத்தியம் செய்துகொண்டிருந்தார். சாலையில் நிற்கும் இடங்களில் ஊற்றுகிற தண்ணீரே நாலாபக்கமும் சிந்திக் கிடக்கும். வீட்டு வாசலிலோ அம்மாவின் வாளி. ஒழுகுவதை அவர் எங்கே பார்ப்பார்! ஆனால் இந்த ஈரமும் புழுதியில் ஊறி ஆள் படுக்கிற அளவுக்குப் பரவியிருந்தது. எந்த இடத்திலிருந்து சொட்டுகிறது என்று தெரியவில்லை.

"கோலமாவ மெத்தையாட்டம் பரப்பிட்டா சொட்டு வியுற எடம் தெரியும்" என்றாள் அம்மா.

"குடுக்கா!"

"காக்கா சோறு எட்க்கட்டும்."

உலகமே முழுகினாலும் அந்த விஷயத்தில் அம்மா அசையமாட்டாள். பூசை முடிந்து கொல்லையில் இலை போட்டாயிற்று. மற்ற நாட்களில் வடாம் காயவைக்க விடாத காக்கைகள் அன்று ஒன்றுகூட இல்லை. தன் தகப்பனாருக்கு என்ன மனக்குறையோ என்று அப்பா கவலையோடு கை கூப்பி நின்றார். மாமா கூரைமேல் ஏறி நின்று கத்தினார். அந்த 'கா கா'வில் இருந்த உருக்கத்தை நான் அதற்குப் பிறகு எந்த மனிதக் குரலிலும் கேட்டதில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருவழியாக ஒரு கிழட்டுக் காக்கை வந்து, மாமாவைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, வடையைக் கவ்விக்கொண்டு போயிற்று.

காக்கை பறப்பதற்குள் அம்மா மாவுடன் வாசலில் இருந்தாள். ஈரத்தின்மேல் சாக்கை விரித்து, அதன்மேல் கோலமாவைக் கனமாகத் தூவினாள். ரேடியேட்டரைத் தளும்பத் தளும்ப நிரப்பினார் மாமா. பெரியவர்கள் யாரும் அங்கே நுழைய முடியாது. என்னைத்தான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு படுத்துத் தவழச் சொன்னார்கள். மாவில் கன்னத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெள்ளை மாவில் ஒரு குழி விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

"மூக்குல இல்ல மாமா! விசிறிக்குப் பின்னால கீது!"

மாமா எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டுத் தலைகீழாகத் தொங்கி, விசிறிக்குப் பின்னால் கையைவிட்டுத் தடவினார். பிறகு அவர் போட்ட கூச்சலில் போன காக்கை திரும்பி வந்திருக்க வேண்டும்.

"பம்புக்கா, பம்பு! ரேடியேட்டர் இன்னாக்கா பண்ணும் பாவம்!"

தண்ணீரை எஞ்சினைச் சுற்றித் தள்ளும் பம்பு அது. அதன் தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் கசியாதபடி கிரீஸில் ஊறிய நூல்கயிற்றைச் சுற்றி, மேலே ஒரு மரையை முறுக்கி அழுத்தியிருப்பார்கள். அந்த நூல் மக்கித் தூளாகிப்போயிருந்தது. வண்டி ஓடும்போது விசிறிக் காற்று சொட்டுகளை வாரி அடித்துவிடும். மிச்சத்தை எஞ்சின் சூடு காயவைத்துவிடும். நின்றால் அம்மாவின் வாளி. இப்படியாக ஊரே சேர்ந்து அந்த ஓட்டையைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

புது நூலுக்குப் பட்டணம் போகவேண்டும். அம்மா போகவிடவில்லை. கார்த்திகைக்கென்று வைத்திருந்த பஞ்சை எடுத்துவந்து, தொடையில் வைத்து உருட்டி, விளக்குத் திரியைவிடக் கெட்டியாக ஒரு கயிறு திரித்தாள். மாமா அதைக் கிரீஸில் ஊறவைத்து, தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகத் திணித்து, ஸ்பானரால் மரையை இறுக்கினார். சாக்கில் புதுமாவு தூவிவிட்டு மூவரும் உட்கார்ந்து பார்த்தோம். மாவு மாவாகவே இருந்தது. மறுநாள் விடியலிலும் அப்படியே. அன்றும் அம்மா வாசல் தெளிக்கவில்லை. அப்பா வந்து குனிந்து மாவைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று பட்டணத்துக்குப் போன பஸ்ஸில் அப்பாவே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். என்னை மடியில் வைத்துக்கொண்டார். வானகரம் வந்தது. கிழவர் வழக்கம்போலக் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலைக்கு வந்தார். மாமா ஹாரனை அழுத்தினார். பஸ் நிற்கவில்லை. கிழவர் கொஞ்சதூரம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"யோவ், தண்ணி வாணாவா? தண்ணிய்யா!"

பஸ் முழுக்கச் சிரித்தது. யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். நான் அப்பாவின் மடியில் எழுந்து நின்று கிழவருக்கு டாட்டா காட்டினேன். மாமா மட்டும் சிரிக்காமல் சாலையையே பார்த்து ஓட்டினார். அவர் காது சிவந்திருந்தது.

திரும்பி வந்தபோது பூந்தமல்லி முதலாளி எங்கள் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார். அப்பா நேராக வண்டியின் முன்னால் போய், துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். தண்ணீர் கழுத்துவரை நின்றது.

"வண்டி விக்கறதுக்கில்ல. காப்பி சாப்ட்டுட்டுப் போங்க" என்றார்.

மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வந்தார். தெருப்பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அம்மா நிலைப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த வீட்டில் எதற்கு அழுகை என்று எனக்குப் புரியவில்லை. அழவேண்டுமானால் நான்தான் அழவேண்டும். காக்கி உடுப்பும் ஒரு பிஸ்கோத்து டப்பாவும் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை.

எதிர்வீட்டு அண்ணன் தனியாகப் போனார். எனக்குப் பிஸ்கோத்து கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு எங்கள் பஸ்ஸில்தான் ரயிலுக்குப் போனார். வழியில் எங்கும் நிற்காமல் கொண்டுபோய்விட்டேன் என்று மாமாவுக்கு ஏக பெருமை.

ஒரு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் காலை வாசலுக்கு வந்தவள் எதிர்வீட்டைப் பார்த்தேன். தெளிக்கவில்லை, கோலமில்லை. முன்தினம் மத்தியானம் அங்கே தபால்காரர் ஒரு தந்தியோடு வந்திருந்தார்.

"யம்மா, எதிர்ஊட்ல எந்தத் தாத்தாவுக்குத் திதி?"

அம்மா என்னை இடுப்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள். வாசலில் மாமா பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வண்டி தெருமுனை திரும்பிக் கண்ணுக்கு மறையும்வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஒழுகுகிறதா என்றுதான் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.