ஆட்டுத்தோல் பெல்ட்டில் ஓடிய பாட்டு

பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டபின் மாதனூர் ஷூ கம்பெனியில் சேர்ந்தவள் ஜெமி. பக்கத்து மெஷின்காரி எழுந்தால் துப்பட்டாவோடு ஸ்டூலும் எழுந்து வரும். முடிச்சு ஜெமியின் கைவேலை. 2002 கிறிஸ்துமஸ் லீவில் அவள் கண் அம்மாவின் இசைத்தட்டுப் பெட்டி மேல் விழுந்தது.

அம்மா ஹெலன் வேலூரில் நர்ஸ். கல்யாணத்துக்கு முன் லண்டனில் வேலை பார்த்தபோது வாங்கிய, 'பங்க்' என்னும் முரட்டு ராக் இசைத் தட்டுகள் அவை. எல்லாவற்றிலும் பாடுவது பெண்தான். அட்டையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. தட்டைச் சுழற்றும் பிளேயரின் ரப்பர் பெல்ட் உருகியதிலிருந்து பெட்டி மூடியே கிடந்தது. வீட்டிலும் வார்டில் பேசுவது போலக் கிசுகிசுக்கும் அம்மாவா இதையெல்லாம் கேட்டாள்? அம்மா கேட்பதை ஜெமிக்குக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

கம்பெனிக் கழிவில் எடுத்த மெல்லிய ஆட்டுத்தோலை நாடாவாக வெட்டி, முனைகளைச் சீவி ஒட்டி, பெல்ட்டாக மாட்டினாள். தட்டு சுழன்றது. பாடகி, காய்ச்சல் வந்த பாஸ்டர் மாதிரி இழுத்தாள்.

"இன்னாடி பண்ண என் தட்ட?" உள்ளேயிருந்து ஹெலன் ஓடிவந்தாள்.

"தட்டுக்கு ஒண்ணும் ஆவலம்மா. பெல்ட்டுதான் லூசு, உன் பொண்ணு மாதிரி."

பெல்ட்டின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஒட்டினாள். ஊசி இறங்கியதுதான் தாமதம், கிதார் பாய்ந்தது. பாடகி வீடு அதிரக் கத்தினாள்.

பக்கத்து வீட்டு எல்லம்மா ஓடிவந்து கதவைத் தட்டினாள். "யாரும்மா அடி வாங்கறது?"

"யாரும் வாங்கலக்கா! உள்ள வாங்க, அடுத்த பாட்டு இன்னும் ஜாஸ்தி!"

பாட்டையும் மிஞ்சி அப்படிக் கத்தியது ஹெலன்தான்.

ஜெமி ஒரு கேலியைத் தயாராக வைத்திருந்தாள். அதை விழுங்கிவிட்டு, துப்பட்டா முனையால் அடுத்த தட்டைத் துடைக்கத் தொடங்கினாள்.