ஆரணிக்கு ஏரியல் சரிசெய்யப் போன கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம். காலை ஆறே காலுக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம், செய்யாறு வழியாக ஆரணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் பதினொரு ரூபாய் சொச்சம். பக்கத்து சீட்டுக்காரர், மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர், நானும் புடவைக்குத்தான் போகிறேனா என்று கேட்டார். லாரியில் இருக்கும் வயர்லெஸ் ஏரியலைச் சரிசெய்யப் போகிறேன் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் இலாகாவிலேயே நான்தான் கெட்டிக்கார மெக்கானிக் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. கருவிப் பெட்டியோடு அதையும் சுமந்துகொண்டுதான் போனேன்.

பதினொரு மணிக்கு ஆரணி. மழை தூறிக்கொண்டிருந்தது. நிலையத்தில் ஒரு டீ, ஐம்பது காசு. தாலுகா ஆபீஸ் வளாகத்தில் லாரி நின்றது. வெள்ளக் காலத்தில் டெலிபோன் கம்பி அறுந்துபோனால் ஏரிக்கரையிலிருந்து ஆபீஸுக்குச் செய்தி சொல்ல வேண்டும். அதற்காகவே லாரியில் ஒரு வயர்லெஸ் செட், கூரைமேல் ஒன்பதடி உயரத்துக்கு ஓர் எஃகுக் கம்பி. அந்தக் கம்பிதான் ஏரியல். டிரைவர் தாமோதரன் பக்கத்து ஊரான சேவூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். செட்டில் பேசினால் ஆபீஸில் கரகரவென்றுதான் கேட்கிறது என்றார்.

ஏரியலைச் சரிசெய்வது இப்படித்தான். செட் அனுப்பும் சக்தியில் எவ்வளவு கம்பியில் போகாமல் திரும்பி வருகிறது என்று ஒரு சின்ன மீட்டர் காட்டும். கம்பி நீளமாக இருந்தாலும் திரும்பும், குட்டையாக இருந்தாலும் திரும்பும். அலைக்குத் தக்க நீளம் ஒன்றே ஒன்றுதான். மீட்டரை மாட்டினேன். அலைவரிசையைச் சற்று இறக்கினால் முள் தணிந்தது; அப்படியென்றால் கம்பி நீளம்.

கம்பியின் நுனியில் பளபளவென்று ஒரு குஞ்சம் தொங்கியது, சாண் நீளம். என்ன அது என்றேன்.

"எங்க அண்ணன் கட்டினதுங்க. வண்டிக்குக் கண்ணு பட்டுடும்னு ஆயுதபூஜை அன்னிக்கு ஒக்காந்துகினே பின்னிக் குடுத்தாரு."

அண்ணன் ஏகாம்பரத்துக்குச் சிறு வயதிலேயே இரண்டு காலும் சூம்பிப்போய்விட்டதாம். குழிக்குள் காலால் மிதித்து நெய்யும் குழித்தறியில் அவரால் இறங்க முடியாது. அதனால் வீட்டில் உட்கார்ந்தபடி ஜரிகை சுற்றுகிறார். மிஞ்சியதில் பின்னியது அந்தக் குஞ்சம். நூல்தானே, அவர்கள் நம்பிக்கையில் நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். பெரிய மனசு என்று எனக்கே பட்டது.

கம்பியின் அடிப்பக்கத்தை ரம்பத்தால் அறுத்து அறுத்து மாட்டிப் பார்த்தேன். அரை அங்குலம், இன்னும் அரை அங்குலம். ஐந்து அங்குலம் போனதும் மீட்டர் முள் அடங்கிப் படுத்துவிட்டது. ஆபீஸிலிருந்து குரல் கணீரென்று வந்தது. தாமோதரன் மகிழ்ந்துபோய்ச் சேவூருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டார். வாய்க்காலை ஒட்டிய தாழ்வான தெரு. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஏகாம்பரம் கையாலேயே தவழ்ந்து வந்து எனக்கு இலையில் அப்பளம் வைத்தார்.

அன்றிரவு ஆபீஸிலேயே படுத்தேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு, சேவூருக்கு மேட்டுப்பக்கம் உள்ள ஏரிக்குப் போகும்படி லாரிக்கு உத்தரவு வந்தது; செட்டைப் பார்த்துக்கொள்ள நானும் ஏறினேன். இரவெல்லாம் பெய்த மழையில் டெலிபோன் செத்திருந்தது. ஏரி உடைந்தால் தண்ணீர் முதலில் இறங்குவது தாமோதரனின் தெருவில்தான். உடையும் போலத் தெரிந்தால் நாங்கள் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும், ஆபீஸ் ஆட்கள் தெருவைக் காலிசெய்ய வேண்டும். அதுதான் ஏற்பாடு.

ஏழு கிலோமீட்டர். வழியில் ஒரு புளியமரத்துக் கிளை ஏரியலைப் பிடித்து இழுத்துவிட்டது. குஞ்சம் அறுந்து வேலியோரம் ஓடிய தண்ணீரில் போயிற்று. தாமோதரன் பிரேக் போட்டார். இறங்கித் தேடட்டுமா என்றார். நேரமாகிறது, ஒரு நூலுக்குப் போய் என்று நான்தான் அதட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. கியர் போட்டார்.

போய்ச் சேர்ந்தபோது எட்டரை மணி. மதகுக்குப் பக்கத்தில் கரை கசிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் கரைந்தது. செட்டை எடுத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மீட்டரில் முள் எகிறி நின்றது. கம்பியை ஆட்டினேன், திருகாணிகளை முறுக்கினேன், மறுபடி கூப்பிட்டேன், கத்தினேன். பத்து நிமிஷத்தில், திரும்பி வந்த சக்தியின் சூட்டில், செட்டிலிருந்து கருகல் நாற்றம் வந்தது.

நேற்றுக்கும் இன்றைக்கும் எதுவுமே மாறவில்லையே என்று புலம்பினேன்.

"அண்ணன் கட்டினது இல்ல, அவ்ளோதான்" என்றார் தாமோதரன்.

"அது நூல்தானே?"

"நூலுன்னு யாரு சார் சொன்னது? ஜரிகைங்க. வெள்ளி சுத்தினது."

ஆரணியில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் ஜரிகை உலோகம் என்று சொல்லும். குஞ்சமும் சேர்ந்துதான் ஏரியல். அதையும் சேர்த்து அளந்து, அதற்குத் தக்கபடி நான் எஃகை வெட்டியிருக்கிறேன். குஞ்சம் போனதும் கம்பி குட்டை. விளக்கு ஒயரைச் சீவி நுனியில் சாண் நீளம் கட்டினேன். ஆனால் செட் எரிந்துவிட்டிருந்தது. ஏரியல் சரியாக இருந்து என்ன பயன்?

திரும்பிப் போகலாம் என்றால், நாங்கள் கடந்துவந்த தரைப்பாலத்தின்மேல் இடுப்பளவு தண்ணீர். லாரி போகாது. தாமோதரன் செருப்பைக் கழற்றிப் போட்டார்.

"ஜல்தியா ஓடிட்டா ஒரு மணி நேரத்துல பூடுவேன் சார்."

வரப்புகளின் மேல் விழுந்து எழுந்து ஓடினார். நான் செய்வதற்கு எதுவும் இல்லாமல் கரையில் நின்றேன். ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு மதகோடு சேர்ந்து கரை போயிற்று. அந்தச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

தண்ணீர் அவரை முந்திவிட்டது. தெருவில் கால் உள்ளவர்கள் எல்லோரும் மேட்டுக்கு ஓடித் தப்பிவிட்டார்கள். தாமோதரன் மனைவி அண்ணனைத் தூக்கப் பார்த்தாளாம். பிள்ளைகளைப் பாரு என்று அவளைத் துரத்தியிருக்கிறார் ஏகாம்பரம். தண்ணீர் வடிந்தபோது தறிக்குழியில் கிடந்தார். மாலை நான்கு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். ஒவ்வொரு வீட்டுக் குழியிலும் கலங்கல் தண்ணீர். இறந்தவர் விரல்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸுக்கு நிலையத்தில் நின்றேன். எத்தனையோ ஊரை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். ஓடிப்போகிறவனாகக் கிளம்பியது அந்த ஒரு முறைதான். தாமோதரன் தேடிக்கொண்டு வந்தார். தலை மழித்திருந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், மேலிடத்துக்கு எழுதுவீங்க இல்ல? ஏரியல்ல கண்டதையும் கட்டி செட்டக் கெடுத்துட்டான்னு எழுதிடாதீங்க சார். வேலை பூடும். எங்க அண்ணனுக்கும் கெட்ட பேரு."

தவறு உங்களுடையதோ உங்கள் அண்ணனுடையதோ இல்லை, வெட்டியது நான், அதட்டியது நான் என்று சொல்ல வேண்டும். வாய்வரை வந்தது. கண்டக்டர் விசில் அடித்தார்.

"எழுதமாட்டேன்" என்றேன்.

அவர் இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட்டார்.