பாலத்துக்கு அடியில் அம்மா

கோடை விடுமுறை. அம்மா சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டாள் என்று சித்தி என்னையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வரிச்சிக்குடிக்கு அப்பால், அம்மா கட்டிய புதுப் பாலம். அம்மா அரசாங்கப் பொறியாளர். ஆனால் ஒவ்வொரு கல்லையும் அவளே தூக்கி வைத்ததாகத்தான் பள்ளியில் சொல்லிவைத்திருந்தேன்.

அன்று பாலத்தின் உறுதியைச் சோதிக்கும் நாள். மணல் ஏற்றிய லாரிகள் ஒவ்வொன்றாகப் பாலத்தின் நடுவில் போய் நின்றன. நிறுத்தியதுமே ஓட்டுநர்கள் இறங்கிக் கரைக்கு வந்துவிட்டார்கள்.

"மேல யாரும் நிக்கக் கூடாதுன்னுட்டாங்க பாப்பா," என்றார் ஒருவர்.

"எங்கம்மா எங்க?"

"கீழ. பாலத்துக்கு நேர் அடியில."

மேலே நிற்பதே ஆபத்து என்றால் கீழே நிற்பது? எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது, இது வந்தது. கடைசி லாரி பாலத்தில் ஏறப்போனபோது சித்தியின் கையை உதறிவிட்டு ஓடி, அதன் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றேன்.

ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கரையோரம் குனிந்து கூப்பிட்டார். "மேடம், ஒங்க பொண்ணு வண்டிய மறிச்சிக்கிட்டு நிக்கிதுங்க."

மஞ்சள் ஹெல்மெட்டும் தூக்கிச் செருகிய புடவையுமாக அம்மா கரையேறி வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"பாரம் ஏறுனா பாலம் நூலளவு தணியும். எறக்குனா திரும்ப எழும்பணும். அத அளக்க அடியில கருவி வச்சிருக்கேன். பாக்க ஒரு ஆள் வேணும்ல?"

"வேற யாரையாச்சும் நிக்கச் சொல்லும்மா."

"பாலத்துக்குக் கணக்குப் போட்டது நான். வேற வீட்டுப் புள்ளய எப்படி நிக்கச் சொல்றது?"

என்னைச் சித்தியிடம் விட்டுவிட்டு, டப்பாவை வாங்காமலே இறங்கிப் போனாள். லாரி நகர்ந்தது. சித்தியின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பெரிய சத்தத்துக்காகக் காத்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை.

பாரம் ஒரு முழு நாள் அப்படியே இருக்க வேண்டுமாம். அம்மா ராத்திரி வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம்தான் வந்தாள். லாரிகளை எடுத்ததும் பாலம் எழும்பிவிட்டதாம். "தேறிடுச்சுடி," என்று சித்தியிடம் சொன்னவள், புடவைகூட மாற்றாமல் வெறுந்தரையில் படுத்தாள். அப்படியே தூங்கிப்போனாள். உலுக்கியும் எழவில்லை.

"சும்மா நின்னு பாத்ததுக்கா சித்தி இவ்ளோ அலுப்பு?" என்று கேட்டேன்.

சித்தி ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டு வந்து, அம்மாவின் தலையை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.