வலது தோள் கிழிசல்

சதேனிக்கின் கதையை எங்கே தொட்டாலும் அது சுற்றி வந்து ஒரு வலது தோளில்தான் நிற்கும். அதனால் அங்கே போகிற வழியாகவே சொல்லிவிடுகிறேன்.

குடியேறி வந்தவர்கள் நிறைந்த கிளென்டேலில் பாதிப் பேர் அவளுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். அப்பா பெய்ரூட்டில் கோட்டு தைத்தவர். அம்மாவின் அண்ணன் அலெப்போவில் பாதிரிமாருக்கு அங்கி தைத்தவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறவன். சதேனிக்கும் ஊசியைத்தான் பிடித்தாள். ஆனால் அவள் தைத்தது பக்கத்துச் சினிமா ஊரான பர்பேங்கில், திரையில் வானத்தில் பறக்கிறவர்களுக்கு.

"என் பொண்டாட்டி தைக்கிற சட்டையில ஒரு பாக்கெட் கிடையாது," என்பான் அவள் புருஷன் கார்பிஸ், குடித்து முடித்த காபிக் கோப்பையை, மண்டியில் குறி பார்க்கக் கவிழ்த்துக்கொண்டே. "ஊரக் காப்பாத்திட்டு வர்ற வழியில ஒரு டீ குடிக்கணும்னா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

அந்தப் பொண்ணு 'சாம்பல் குருவி'. வீட்டுத் திரைக்கென்றே எடுக்கப்பட்ட தொடர், மூன்றாவது சீசன். சாம்பல் நிற உடை, மார்பில் ஒரு பக்கமாகத் தலை திருப்பிய சிட்டுக்குருவி. பார்க்கிறவர்களுக்கு அது ஒரே உடை. பட்டறையிலோ வரிசையாகத் தொங்கும்: புதிது, புழுதி பட்டது, கருகியது, கிழிந்தது. கதாநாயகிக்கு அளவெடுத்தது ஒரு பக்கம், அவளுக்கு டூப் போடும் டெல்ஃபினுக்கு ஓர் அளவு பெரிதாக, உள்ளே பஞ்சு மெத்தை வைக்க இடம் விட்டது இன்னொரு பக்கம்.

அந்தத் தொழிலில் கடைசியில் வருவதை முதலில் எடுப்பார்கள். பெரிய சண்டை முடிந்து, கிழிந்த தோளோடு குருவி பாலைவனத்தில் நடந்துவரும் காட்சியை முதல் வாரமே எடுத்தார்கள். சண்டை பிறகுதான். அடி விழுவதற்கு முன்பே காயம் தயாராக வேண்டும்.

இடது தோளில் கிழிக்கச் சொல்லியிருந்தார்கள். சதேனிக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. உடை மாட்டிய பொம்மைக்கு முதுகைக் காட்டி நின்று, தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் திரும்பி சாக்பீஸ் வைப்பாள். எதிரே நின்று பார்த்தால் இடமும் வலமும் மாறிப்போகும் அல்லவா? அன்றைக்குப் பார்த்துக் காதில் போன். மறுமுனையில் நாத்தனார் க்னாரிக். அவள் மகள் நைரியின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் பெரியத்தை தன் ஓரகத்தி இருக்கும் மேசையில் உட்கார மாட்டேன் என்கிறாளாம்.

"அவள சமையக்கட்டுல உக்கார வை, க்னாரிக்! மாப்பிள்ளையோட அத்தைன்னா மகாராணியா?" என்று சொல்லிக்கொண்டே பொம்மையின் முகத்தைப் பார்த்தபடி கத்தரியைப் போட்டாள். குருவியின் வலது தோள் கிழிந்தது.

பட்டறையில் யாரும் கவனிக்கவில்லை. பாலைவனத்திலும் கவனிக்கவில்லை. கதாநாயகி மாலை வெயிலில் நடந்தாள், எல்லாரும் கைதட்டினார்கள், அவள் தன் பங்கை முடித்துக்கொண்டு வேறு படத்துக்காகத் தலையை மொட்டையடித்துக்கொண்டு போய்விட்டாள்.

டெல்ஃபின்தான் கண்டுபிடித்தாள். அளவு பார்க்க வந்தவள் உடையை மேலே பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"சதேனிக்கா, என்னை இடது தோள்லதானே அடிக்கிறான்? இது என்ன இந்தப் பக்கம் பல்ல இளிக்குது?"

சதேனிக்கின் வாயிலிருந்த குண்டூசிகள் கீழே கொட்டின.

"நான்தான். தப்புப் பண்ணிட்டேன்," என்று அங்கேயே சொன்னாள்.

பட்டறைத் தலைவி ரோவீனா ஓடி வந்தாள். எடுத்த பாலைவனக் காட்சியையே இடவலமாகத் திருப்பிப் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். "மார்புல இருக்கிற குருவி எதிர்ப்பக்கம் பாக்கும். உலகமே பாக்குது, சின்னப் புள்ள கண்டுபிடிச்சிடும்," என்றாள் ரோவீனா. பாலைவனத்தை மறுபடி எடுக்கலாமா? மொட்டைத் தலையை வைத்துக்கொண்டா? ரோவீனா சதேனிக்கை ஓரமாக இழுத்தாள். "இந்தச் சண்டை சொதப்புச்சுன்னா மேல கேப்பாங்க. நான் உன் பேரத்தான் சொல்லியாகணும். அடுத்த சீசனுக்கு உன்னக் கூப்பிட என்னால முடியாது."

அப்போது டெல்ஃபின் சொன்னாள்: "சண்டையத் திருப்பிப் போட்டுடலாமே."

சொல்வது சுலபம். டெல்ஃபினின் அப்பா ஓட்டிஸ், அந்தக் காலத்தில் குதிரையிலிருந்து விழுந்தே குடும்பத்தை நடத்தியவர். சித்தப்பா லமார் கார் கவிழ்ப்பவர். "எங்க வீட்ல எல்லாரும் இடப்பக்கந்தான் விழுவோம். பரம்பரை," என்று சிரித்தாள். பத்து வயதிலிருந்து இடப்பக்கமே விழுந்து பழகிய உடம்பு, இப்போது கட்டடத்தின் உச்சியிலிருந்து வலப்பக்கமாகப் பேருந்தின் கூரையில் வந்து விழ வேண்டும்.

ஒத்திகையில் நடக்கப் பழகும் குழந்தை மாதிரி தடுமாறினாள். வலது தோளில் அடிபட்டவள் வலது கையால் குத்த முடியாது. இடது கைக் குத்து எங்கேயோ போனது. "நிறுத்து! அப்படியே வை!" என்று கத்தினார் ஸ்டண்ட் மாஸ்டர். "நிஜமா அடிபட்டவ இப்படித்தான் அடிப்பா!"

சதேனிக் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. டெல்ஃபினைத் தொங்கவிடும் கம்பி வெளியே வரும் இடது தோள் பிளவுகளை ஒவ்வோர் உடையிலும் மூடினாள். வலது பக்கம் புதிதாகத் திறந்தாள். மெத்தைக்குள் யாரையும் கேட்காமல், தன் வீட்டுக் கம்பளியை வெட்டி இன்னோர் அடுக்கு வைத்தாள்.

"என்னக்கா, ஆட்டையே உள்ள வெச்சுத் தச்சிட்டியா? வேர்க்குது!"

"வேர்க்கட்டும்டி. ஒடைஞ்சாத்தான் தப்பு."

ஷூட்டிங் அன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மேலே டெல்ஃபின் எறும்பாகத் தெரிந்தாள். வில்லன் அடித்தான். தோள் திரும்பியது, கால் நழுவியது, சாம்பல் உருவம் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பேருந்தின் கூரையில் வந்து மோதியது. தகரம் அதிர்ந்தது. சதேனிக் தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூரைமேல் மெதுவாக ஓர் இடது கை எழுந்து கட்டைவிரலைக் காட்டியது. ஷூட்டிங் இடமே கூத்தாடியது!

சீசன் முடிந்தால் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்ததற்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். சாயம் போடுகிறவனுக்கு வந்தது, பொத்தான் வைக்கிறவளுக்கு வந்தது. சண்டை சொதப்பவில்லை, ஆனாலும் சதேனிக்குக்கு மட்டும் வரவில்லை.

"போன் மேலேயே உக்காந்திருக்கியே, அடை காக்கிறியா?" என்றான் கார்பிஸ்.

ஒரு காலையில் அது அடித்தது. டெல்ஃபின். பேச்சே இல்லை, அலறல்தான். தொடர் வெளியாகி ஊரெல்லாம் அந்த இடது கைக் குத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தது. இப்போது ஆண்டின் சிறந்த ஸ்டண்ட் விருதுக்குப் போட்டியில் அந்த விழுதல்! "இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வரலாமாம். நீதான் வர்ற!"

தொழில்காரர்களுக்கான விருதை நட்சத்திரங்களின் விழாவுக்கு முன்னாலேயே, பகலில் கொடுத்துவிடுவார்கள். பகலானால் என்ன, மண்டபம் ஜொலித்தது. டெல்ஃபினுக்குக் கரும்பச்சையில் சதேனிக்கே கவுன் தைத்திருந்தாள். பின் வரிசையில் ரோவீனா. வணக்கம் சொல்லிவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒலிக்கான விருது சாம்பல் குருவிக்கு என்றதும் டெல்ஃபின் துள்ளிக் குதித்தாள். டர்ரென்று தோள் தையல் விட்டது. எந்தத் தோள் என்று சொல்லவும் வேண்டுமா?

"உக்காரு! அசையாத!" சதேனிக் கைப்பையிலிருந்து ஊசியை எடுத்துவிட்டாள்.

"அக்கா, அடுத்தது நம்மளது!"

"நம்மளதா இருந்தா இன்னும் நேரா உக்காரு!"

மேடையில் பெயர்களை வாசித்தார்கள். உறையைப் பிரித்தார்கள். "டெல்ஃபின்..." மீதி யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து ஓடியவளின் தோளிலிருந்து ஒரு முழ நூல் பறந்தது, நூல் நுனியில் ஊசி!

விருதை இடது கையில் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள்: "எங்கப்பா எனக்கு இடப்பக்கம் விழச் சொல்லிக் குடுத்தாரு. வலப்பக்கம் விழ வெச்சது அதோ உக்காந்திருக்கிற சதேனிக்கா. இந்தாங்க, இப்பக்கூட முடிக்காம விட்டிருக்கா!" ஊசியைத் தூக்கிக் காட்டினாள். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. சதேனிக் அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை.

பின்னாலிருந்து ரோவீனா குனிந்தாள்.

"மேல என்ன சொல்றாங்க தெரியுமா? அடுத்த சீசன்ல அந்தக் கிழிசல் தச்ச தழும்பா எல்லா உடையிலயும் இருக்கணுமாம். இனிமே அதான் குருவியோட அடையாளமாம். உன்னமாதிரி கிழிக்க வேற யாருக்குத் தெரியும்? திங்கட்கிழமை வந்துடு."

சதேனிக் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வர்றேன். எந்தத் தோள்னு மட்டும் போன்ல சொல்லாதீங்க. நேர்ல வந்து தொட்டுக் காட்டுங்க."