மூணு தரம் சொல்லாத கணினி

சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய, கணினிக் கடிகாரத்துக்குப் போடும் வட்ட பேட்டரிச் செல் அது. கடைகளில் இப்போதும் தொங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் என் தாய்மாமா நினைவுதான் வருகிறது.

போடியில் ஏலக்காய் ஏலம் கணினிக்கு மாறியிருந்த புதிது. காய்க்கும் ஏலம், விற்பதற்கும் ஏலம் என்று ஒரே பெயர் வைத்திருக்கும் ஊரில் குழப்பத்துக்குக் கணினி தேவையே இல்லை. ஏலக்கூடத்தில் என்னை ‘சிஸ்டம் இன்ஜினீயர்’ என்பார்கள். வியாபாரிகளின் மேசைக் கணினிகளை மேடையிலிருந்த பெரிய கணினியின் மணிக்குத் தினமும் ஏலத்துக்கு முன் ஒப்பவைப்பதுதான் உத்தியோகம். ஏலம் தொடங்கியபின் மணியைத் தொட மேலாளருக்கு மட்டுமே உரிமை. கோயிலில் மணியடிப்பவனுக்காவது சுண்டல் கிடைக்கும்.

மாமா வாயால் ஏலம் கேட்ட காலத்து வியாபாரி. ‘ரெண்டு தரம்’ முடிந்து ‘மூணு தரம்’ விழுமுன்னே விலை சொல்லித் தட்டிக்கொண்டு போவார். அதே பழக்கத்தில் திரையிலும் கடைசி நொடிவரை காத்திருந்துதான் விலையை அமுக்குவார். கரண்டு போய் வந்தால் அவர் கணினியின் கடிகாரம் மட்டும் சில நொடி பின்தங்கும். உள்ளிருந்த செல் சோர்ந்திருந்தது. அவர் திரையில் நேரம் மிச்சமிருக்க, பெரிய கணினி சரக்கை அடுத்தவருக்கு முடித்துவிடும். சீசன் முழுக்கச் சரக்கே எடுக்காதவருக்கு அடுத்த சீசனில் இருக்கை கிடையாது என்பது கூடத்தின் விதி.

“பெருசு, வெரல் நடுங்குது. பேரனக் கூட்டியாந்து அமுக்கச் சொல்லுங்க” என்பார் மேலாளர். கூடமே சிரிக்கும்.

மேலாளரிடம் புதுச் செல் கேட்டேன். “இப்ப மாத்துனா இம்புட்டு நாளும் தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிராதா?” என்றார்.

“கடிகாரம் மந்தம், முன்னாடியே அமுக்குங்க மாமா” என்று காதில் ஓதினேன். “மொதல்லயே வெலையச் சொல்றவன் யாவாரியாலே?” என்றார் மாமா.

சீசனின் கடைசி ஏலத்தன்றும் கரண்டு போய் வந்தது; மாமா அதுவரை ஒரு சரக்கும் எடுத்திருக்கவில்லை. அடக்க முடியாத வாய் எனக்கு. “மாமா கடிகாரம் பின்னாடி கெடக்கு, எல்லாரும் பாத்துக்கங்க!” என்று கத்திவிட்டேன்.

மேலாளர் நிதானமாக வந்து என் நாற்காலியில் அமர்ந்தார். ஒரே தட்டில் எல்லா மணியையும் ஒப்பவைத்தார். பிறகு கூட்டத்தை அழைத்தார்.

“எங்கன தப்பு? காட்டச் சொல்லுங்க.”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மாமா திரையிலும் மேடைத் திரையிலும் நொடி பிசகவில்லை.

“மருமகன் மாமனுக்கு வக்காலத்து வாங்குறாக!” என்றார். சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஏலே மாப்ளே, நெசமாவே ஏங் கைதானா?”

நான் வாய் திறக்குமுன் கடைசிச் சரக்கு திரைக்கு வந்துவிட்டது. இப்போது கடிகாரம் சரி, அமுக்கினால் அவருக்குத்தான். நொடிகள் இறங்கின.

“அமுக்குங்க மாமா!”

விரல் நடுங்கத் தொடங்கியது. கூடம் பார்த்துவிடுமே என்று அவசரமாக வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். நேரம் முடியும்வரை விடவே இல்லை.